ஆமென் சொல்லும்வரை

போன மாதம் ஓய்வூதியப் படிவத்தில் ஒட்டுவதற்காக என் மகள் என்னைப் படம் எடுத்தாள். சின்ன டிஜிட்டல் காமிரா, சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். எடுத்தாள், பின்பக்கத்துத் திரையைப் பார்த்தாள், "வெளிச்சம் கூடிப்போச்சும்மா" என்று அழித்தாள். ஜன்னலை விட்டுத் தள்ளி உட்காரச் சொல்லி மறுபடி எடுத்தாள். "இப்ப மூஞ்சி இருட்டு" என்று அதையும் அழித்தாள். இப்படியே பதினோரு முறை நடந்து, பன்னிரண்டாவதில்தான் அவளுக்குத் திருப்தி வந்தது. அழிந்துபோன பதினோரு முகங்களைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. நான்தான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன். அவளுடைய தாத்தாவிடம், அதாவது என் அப்பாவிடம், சொல்லாமல் விட்டதை அவளிடம் மட்டும் எப்படிச் சொல்வது?

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. திண்டிவனத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருவில் எங்கள் கூரை வீடு. ஒரே ஒரு கதவு, ஜன்னல் கிடையாது. அப்பா பட்டாளத்தில் சேர்ந்து கடல் தாண்டிப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா, அப்பாவின் அக்காளான அத்தை, எட்டு வயது நான், மூன்று பேரும்தான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போனால் வரிசையில் எல்லாரையும் முந்திக்கொண்டு போகிறவள் அம்மா. அந்த வருஷம் இருமல் வந்து படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சிவப்பு மருந்து ஒரு புட்டி கொடுத்துவிட்டு, நோயின் பெயரை அத்தையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அத்தை அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரியே என் பாயை அம்மாவின் பாயிலிருந்து பிரித்து அடுப்புப் பக்கம் போட்டுவிட்டாள். அத்தைக்கு என்மேல் பொறாமை என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

அத்தையையாவது மன்னித்திருப்பேன், அம்மாவை மன்னிக்க முடியவில்லை. நான் கிட்டே போனால் போதும், அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். சுவரைப் பார்த்துக்கொண்டே, "போ கண்ணு, அங்க போய் வெளாடு" என்பாள். எவ்வளவு நேரம் நின்றாலும் திரும்ப மாட்டாள். மாதக்கணக்கில் நான் பார்த்தது அம்மாவின் பின்கொண்டையைத்தான். என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். தப்புகள் நிறைய ஞாபகம் வந்ததால் எது என்று தெரியவில்லை.

அப்பாவிடமிருந்து கடிதம் வந்தால், மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்தான் படித்துக் காட்டுவார். எங்கள் தெருவுக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் பிரசங்கம் மாதிரி உரக்கப் படிப்பது அவர் வழக்கம். அந்த மாசி மாதத்துக் கடிதத்தில் ஓர் இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மணலாக இருக்கிறது, உன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகிறது, எப்படியாவது ஒரு படம் எடுத்து அனுப்பு என்று அப்பா எழுதியிருந்தார். அம்மா படுத்திருந்தபடியே அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். தனக்கு உடம்பு சரியில்லை என்று அவள் அப்பாவுக்கு எழுதவே இல்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கிறவருக்கு எதற்கு என்று தடுத்துவிட்டிருந்தாள்.

படம் எடுக்க எங்களுக்கு ஓர் ஆள் இருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா. விழுப்புரம் ஜங்ஷனில் என்ஜின் ஷெட்டில் கரி துடைக்கிற வேலை. மாற்றலாகிப் போன சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, என்ஜின் டிரைவர் ஒருவர், தன் நாயை ஆறு மாதம் பார்த்துக்கொண்டதற்காகப் பழைய பெட்டிக் காமிரா ஒன்றையும் ஒரு பிலிம் சுருளையும் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சுருளில் எட்டுப் படம் எடுக்கலாம். யுத்த காலத்தில் இன்னொரு சுருள் எந்தக் கடையிலும் கிடைக்காது. இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே மாமா ஏழு படத்துக்கான இடத்தைத் தீர்த்துவிட்டிருந்தார். என்ஜினை எடுத்தார், மாதா கோயில் திருநாளை எடுத்தார், கிளியனூர் சாலையில் வண்டிமாட்டை எடுத்தார், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அத்தையை அவளுக்குத் தெரியாமல் எடுத்தார். சுருள் முழுவதும் முடிந்து கழுவிப் பார்க்கும்வரை எது எப்படி வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஏழும் அருமையாக வந்திருப்பதாக மாமா நம்பினார், நாங்களும் நம்பினோம்.

மாமாவுக்கு அப்போது இருபது வயதுதான். டிரைவரிடமிருந்து காமிராவோடு சேர்த்து ஒரு வார்த்தையையும் வாங்கி வைத்திருந்தார். எக்ஸ்போஷர். அவர் வாயில் அது எஸ்போசர். சாப்பிட உட்கார்ந்தாலும் அதைப் பற்றித்தான் பேச்சு.

"வெளிச்சம் கம்மியா உள்ள போச்சுன்னா கரிக்கட்ட. ஜாஸ்தியா போச்சுன்னா சுண்ணாம்பு. ரெண்டுக்கும் நடுவுல நூல் மாதிரி ஒரு எடம் கீதே, அங்கதான் மனுசன் மூஞ்சி வரும்" என்பார். அத்தை கேப்பைக் களியை உருட்டி அவர் தட்டில் போட்டு, முதலில் இது உள்ளே போகட்டும் என்பாள்.

மீதமிருந்த எட்டாவது படம் அம்மாவுக்கு என்று ஆயிற்று. இதை வெயிலில் எடுத்திருந்தால் ஒரு சங்கடமும் இல்லை. வெளியே எடுக்கும்போது கம்பியைத் தட்டினால் காமிராவின் கண் தானே திறந்து தானே மூடிக்கொள்ளும். வாசலில் ஒரு நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தால் முடிந்தது. மாமா உபதேசியார் வீட்டு நாற்காலியை இரவல் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டார். அத்தை ஒரே பாய்ச்சலில் வந்து அதைத் தூக்கி உள்ளே எறிந்தாள்.

"வாசல்ல நாற்காலி போட்டு யார உக்கார வெச்சிப் படம் புடிப்பாங்க, தெரியுமா உனுக்கு? கடத்தெருவு பெரிய வூட்டுல நான் பாத்துக்கிறேன். தாடையில கட்டு கட்டிக்கினு, நெத்தியில காசு வெச்சிக்கினு உக்காந்திருந்தாங்க. சுத்தி அழுவறாங்க, நடுவுல இவன் படம் புடிக்கிறான்."

அத்தை தன் வாழ்நாளில் பார்த்திருந்த ஒரே படம்பிடிப்பு அதுதான். பிணத்தை எடுப்பதற்கு முன்னால் வாசலில் உட்கார வைத்துக் கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்வது ஊரில் வசதியுள்ள வீடுகளின் வழக்கம். உயிரோடு இருக்கிறவளை, அதுவும் நோயாளியை, அப்படி உட்கார வைப்பதா என்று வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள கும்மிருட்டு அண்ணி. வெளிய வந்தா டக்குனு முடிஞ்சிரும். உள்ளன்னா எஸ்போசர் பேஜாரு" என்று மாமா கெஞ்சிப் பார்த்தார்.

"உள்ளயே எடுடா தம்பி" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடி. "தெருசனம் பாக்க நான் உக்கார மாட்டேன்."

அதோடு பேச்சு முடிந்தது. நல்ல வெளிச்சம் எங்கள் வாசற்படியிலிருந்து ஓரடி தள்ளி, பொழுதெல்லாம் சும்மா காய்ந்துகொண்டிருந்தது.

உள்ளே எடுப்பதற்கு ஒரு வழி இருந்தது. கம்பியை வேறு பக்கம் தள்ளிவிட்டால் காமிராவின் கண் திறந்தே இருக்கும். மறுபடி தள்ளும்போதுதான் மூடும். எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பது எடுக்கிறவன் கணக்கு. கதவுக்கு எதிரே உட்கார வைத்து, வெளியே தரையில் வெள்ளை வேட்டியை விரித்து வெயிலை உள்ளே திருப்பிவிட்டால் ஒன்பது செகண்டு போதும் என்று டிரைவர் சொல்லியிருந்தாராம். அந்த ஒன்பது செகண்டும் உட்கார்ந்திருப்பவர் ஆடக்கூடாது, அசையக்கூடாது, மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட வேண்டும்.

ஒன்பது செகண்டை எப்படி அளப்பது? மாமாவிடம் கைக்கடிகாரம் கிடையாது. ரயில்வேயில் இருந்தாலும் சங்கு ஊதினால் போய்ச் சங்கு ஊதினால் வருகிற உத்தியோகம் அவருடையது. வாயால் எண்ணிப் பார்த்தார். பதற்றத்தில் ஒரு தடவை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் ஆறைக் காணோம். அப்போது அத்தை அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரையும் போல அவளும் வேகும் நேரத்தை மந்திரத்தால் அளக்கிறவள். மாதாவை நோக்கிச் சொல்லும் அருள்நிறை மந்திரத்தைப் பத்துத் தடவை சொன்னால் களி பதமாகிவிடும். கூடச் சொன்னால் அடிப்பிடிக்கும். அவள் உதடுகள் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்த மாமா துள்ளி எழுந்தார். ஒரு மந்திரம் எத்தனை செகண்டு என்று தெரிந்துவிட்டால் போதுமே!

மந்திரத்தைச் சீராகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். காமிராவைப் பிடித்துக்கொள்கிறவரே சொன்னால் கை ஆடும். அத்தை நடுவில் கொட்டாவி விடுவாள். நான் ஞானோபதேச வகுப்பில் மந்திரம் தட்டாமல் சொன்னதற்காக மாதா படம் ஒன்று பரிசு வாங்கியவள். அதைத் தெருவில் காட்டாத வீடு பாக்கியில்லை. ஆகவே தேர்தல் எதுவும் இல்லாமல் நான் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

மறுநாள் காலை வண்டியில் மாமா என்னை விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிளாட்பாரத்துப் பெரிய கடிகாரத்துக்குக் கீழே நிறுத்தி, சொல்லு என்றார். வகுப்பில் பழக்கியிருந்தபடி கை கூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னேன். மாமா செகண்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ஒன்பது. புதுச்சேரி வண்டிக்குக் காத்திருந்த ஓர் அம்மாள் பக்தியோடு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று கை கூப்பினாள். மாமா விடவில்லை. ஏழு தடவை சொல்லவைத்தார். ஏழு தடவையும் அந்த அம்மாள் கூடவே ஆமென் சொன்னாள். கடைசியில் என் தலையில் சிலுவை போட்டுவிட்டு, இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பிள்ளையா என்று மாமாவிடம் கண் கலங்கினாள். மாமா எனக்கு ஒரு பொட்டலம் மல்லாட்டை வாங்கிக் கொடுத்தார். விழுப்புரம் ஸ்டேஷன் கடிகாரமும் நானும் ஒன்று என்று திண்டிவனம் வரும்வரை ரயிலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பாதி வழியில் வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதோ அதற்கு முன்னாலோ ஓர் உறுத்தல் ஆரம்பித்தது, எந்த இடம் என்று இப்போது நிச்சயமில்லை. மனம் ஒன்றாமல் மந்திரம் சொல்வது பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்திருந்தேன். நான் சொன்ன ஏழும் மாதாவுக்குப் போகவில்லை, கடிகாரத்துக்குத்தான் போயிற்று. வெறும் முள் ஓடுவதற்காக மாதாவைக் கூப்பிட்டிருக்கிறேன். அவள் கோபித்துக்கொண்டால் யார்மேல் கோபிப்பாள்? வீட்டில் படுத்திருக்கும் அம்மாமேல்தானே? மல்லாட்டை கசந்தது. ஆனாலும் மிச்சம் வைக்காமல் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படம் எடுக்க நாள் குறித்திருந்தார் மாமா. அன்று அத்தை அம்மாவுக்கு வெந்நீரில் துடைத்து, கல்யாணச் சேலையைக் கட்டிவிட்டாள். சேலை இரண்டு சுற்று அதிகமாக வந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்ததை அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று அம்மாவே ஒரு யோசனை சொன்னாள். பஞ்சை உருட்டி இரண்டு கன்னத்துக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, பஞ்சோடு, "எப்பிடி, கொழுத்துக்கிறனா?" என்று கேட்டாள். அத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்புப் பக்கம் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பு அப்போது எரியவில்லை என்பதை நான் கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை.

கதவுக்கு எதிரே நாற்காலி. அதில் அம்மா, நிமிர்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு. வாசலில் இரண்டு வேட்டிகள் விரிந்திருந்தன. உரலை உருட்டிக் கொண்டுவந்து, அதன்மேல் தானியம் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து, அதன்மேல் காமிராவை வைத்திருந்தார் மாமா. அவருக்கு இடது பக்கத்தில், தானியம் கொட்டி வைக்கும் குதிருக்கு ஒட்டினாற்போல் நான். பல மாதங்களுக்குப் பிறகு அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. காமிராவைத்தான் பார்த்தாள்.

"அக்கா, அசையாத. பாப்பா, நீ மந்திரத்த ஆரம்பிச்சதும் தொறப்பேன். ஆமென்னு சொன்னதும் மூடிருவேன். நடுவுல ஒண்ணும் கெடையாது. ஆமென்தான் எனுக்குக் கணக்கு, புரிஞ்சிதா?"

தலையாட்டினேன். கை கூப்பிக் கண்ணை மூடினேன். ஆரம்பித்தேன். காமிராவில் கம்பி தள்ளும் சத்தம் கேட்டது.

முதல் மந்திரம் விழுப்புரம் கடிகாரம் மாதிரியே ஓடியது. முடியும் இடம் வந்தது. ஆமென் நாக்கு நுனியில் நின்றது. அப்போதுதான் அந்த உறுத்தல் முழுசாக எழும்பி வந்தது. இதுவும் காமிராவுக்குப் போய்விட்டது. அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், வீட்டில் மந்திரம் ஓடுகிறது, ஆனால் அது அவளுக்காக இல்லை. நோயாளிக்காக வேண்டும்போது மூன்று அருள்நிறை மந்திரம் சொல்வது எங்கள் வழக்கம். இரண்டாவது அவளுக்காகச் சொல்லலாம், மூன்றாவதும் அவளுக்காகச் சொல்லலாம், கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆமென் போட்டுவிடலாம். அந்த நேரத்தில் இது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. ஆமென்னை விழுங்கிவிட்டு இரண்டாவது மந்திரத்தை எடுத்தேன்.

இந்த முறை கடிகாரத்தை மறந்தேன். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, மாதா காதில் விழுகிற மாதிரி சொன்னேன். அம்மாவுக்கு இருமல் போக வேண்டும், என்மேல் உள்ள கோபம் போய் என் பக்கம் திரும்ப வேண்டும், என் பாய் பழைய இடத்துக்கு வர வேண்டும். வாய் மந்திரத்தைச் சொல்ல, மனசு இதைச் சொல்லிக்கொண்டிருந்தது. மாமாவின் கால் ஒரு தடவை தரையில் உரசியது. அத்தை "ஏய்" என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டது காதில் விழுந்தது. மந்திரம் சொல்கிற வாயை நடுவில் அடக்க எங்கள் தெருவில் யாருக்கும் துணிச்சல் வராது. மூன்றாவதும் முடிந்தது. "ஆமென்" என்றேன். கம்பி தள்ளும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அம்மா முன்பிருந்தபடியே நேராக உட்கார்ந்து, வாயிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அசையாமல் உட்கார்ந்ததால் என்று நினைத்தேன்.

மாமா காமிராவைத் துண்டில் சுற்றினார். என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தார்.

"ஏன் மாமா, சரியாத்தான சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்ன" என்றார்.

சுருள் ரயில் கார்டு ஒருவர் மூலமாகப் புதுச்சேரிக்குப் போய், கழுவி, படமாகி வர ஐந்து வாரம் ஆயிற்று. மாமா கொண்டுவந்த உறையை அத்தைதான் பிடுங்கிப் பிரித்தாள். என்ஜின் ஒரே கரி. திருநாள் கூட்டத்துக்குப் பின்னால் சூரியன் இருந்ததால் கோயில் மட்டும் நிழலாக நின்றது, சனங்களைக் காணோம். வண்டிமாடும் அத்தையும் ஒரே படத்தில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்திருந்தார்கள். சுருளை நகர்த்த மறந்துவிட்டாராம். தனக்குக் கொம்பு முளைத்திருப்பதைப் பார்த்த அத்தை அந்தப் படத்தை அடுப்பில் போட்டாள். மற்றவை சுத்தச் சுண்ணாம்பு.

எட்டாவது படத்தில் நாற்காலி இருந்தது. மடியில் இருந்த கைகள் இரண்டும் தெளிவாக இருந்தன. சேலை வெளுத்துச் சுவரோடு கலந்திருந்தது. கழுத்துக்கு மேலே மங்கலாக இரண்டு முகங்கள். ஒன்று நேராக, புகை மாதிரி. இன்னொன்று அதன்மேல், ஒரு பக்கமாகத் திரும்பி, கொஞ்சம் அழுத்தமாக. மொத்தத்தில் அதை முகம் என்று சொல்லி ஒருவருக்கு அனுப்ப முடியாது.

"இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? எட்டுல ஒண்ணு ஒழுங்கா எடுக்கத் தெரியல ஒனக்கு" என்றாள் அத்தை.

"எஸ்போசர் கணக்கு தப்பிடுச்சி அண்ணி. என் தப்புதான்" என்றார் மாமா.

நான் குதிருக்குப் பின்னால் நின்றிருந்தேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அவள் அழப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ, "நல்லாத்தாண்டா வந்துக்குது" என்று சொல்லித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தம்பி மனசு நோகக்கூடாது என்று பொய் சொல்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அப்பாவுக்கு அனுப்பட்டுமா என்று அத்தை கேட்டதற்கு வேண்டாம் என்றாள்.

ஆனி மாதத்தில் அம்மா போய்விட்டாள். அன்றைக்கும் உபதேசியார் வீட்டு நாற்காலி வந்தது. வாசலில் போட்டார்கள். நல்ல வெயில். அம்மா முகத்தில் தேவையான அளவுக்கு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. காமிராவில் போடப் பிலிம் இல்லை. மாமா வேலி ஓரமாக உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யுத்தம் முடிந்து அப்பா காக்கிச் சட்டையோடு வந்து இறங்கினார். மூன்றாம் நாள், படம் எடுத்ததாக எழுதினீர்களே, எங்கே என்று கேட்டார். அத்தை கொண்டுவந்து கொடுத்தாள். இதை எடுத்தவன் யார், எப்படி எடுத்தான் என்பதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். நான் மந்திரம் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. தாயில்லாப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை என்பது இப்போது புரிகிறது. அப்பா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார், சாய்த்தார், கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். மாமா எதிரில் கை கட்டி நின்றிருந்தார்.

"எட்டு படம் இருந்துதாமே. மாட்டுக்கு ஒண்ணு, என்ஜினுக்கு ஒண்ணு. அவளுக்குன்னு ஒண்ண ஒழுங்கா எடுக்க முடியலியா உன்னால?"

"தப்பிடுச்சி மாமா" என்றார் மாமா.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா அழுதுகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை. அந்தக் கண்ணீர் என் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று பயம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருக்கிறேன். மல்லாட்டை திருடியதை, பொய் சொன்னதை, அத்தையைத் திட்டியதை எல்லாம் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அப்பா மாமாவோடு பேசவில்லை. மாமா கல்யாணத்துக்கு வளவனூர் போகிறோம் என்று அத்தையும் நானும் கிளம்பியபோது அப்பா வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார், எழுந்து வரவில்லை. சாகும்வரை அவருக்கு மாமா, பெண்டாட்டி முகத்தைக் கெடுத்தவன்தான். மாமாவும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. காமிராவை அவர் அப்புறம் தொடவே இல்லை. நான் ஆசிரியைப் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த வருஷம் அவரைப் பார்க்க விழுப்புரம் போனபோது துணிந்து கேட்டேன். முதல் மந்திரம் முடிந்ததுமே மூடியிருக்கலாமே, ஏன் மாமா மூடவில்லை?

"நீ ஆமென் சொல்லலியே" என்றார் சிரித்துக்கொண்டு. கேலி என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷமே அவர் போய்விட்டார். அப்பாவிடம் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஒரு வேளையாவது ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதை நான் சொல்லவில்லை.

மகள் என்னைப் படம் எடுத்த அன்று, அவள் போன பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய படத்தை எடுத்தேன். கெட்டுப்போன படம் என்று முடிவான பிறகு யாரும் அதை ஊன்றிப் பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை. புகை மாதிரி இருக்கும் முகம் நேராகக் காமிராவைப் பார்க்கிறது. அது முதல் மந்திரம், ஒன்பது செகண்டு. அழுத்தமாக விழுந்திருக்கும் முகம் படத்தின் இடது பக்கம் திரும்பியிருக்கிறது. அது அசைந்து கலங்கிய முகம் இல்லை. திரும்பி, அப்படியே அசையாமல் நின்ற முகம். இரண்டு மந்திர நேரம். இடது பக்கத்தில் என்ன இருந்தது? எதிரே உரல், மாமா, அவருக்கு இடது பக்கம் குதிர், அதை ஒட்டி நான்.

மாதக்கணக்கில் என்னைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட அம்மா, அசையாதே என்று தம்பி சொன்னதையும் மீறி, கடல் தாண்டி இருக்கும் புருஷனுக்கென்று எடுத்த படத்தில் என் பக்கம் திரும்பியிருக்கிறாள். கண்ணெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாமா அதைப் பார்த்திருக்கிறார். அதனால்தான் மூடவில்லை.

நான் அப்போது கை கூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அம்மா ஒரு தடவையாவது என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.